ஆளில்லாக் கரை

ஆளில்லாத கடற்கரை ஒன்றைக் கண்டவுடன் மனிதனுக்கு மகிழ்ச்சி பிறப்பதேன்? அறிவாளிகளின் பொழுதுபோக்குக்காக எழுப்பப்படும் கேள்வியன்று இது. சாய்ந்தமருதில் பிறந்த ஒருவனுக்குக் கடற்கரை என்பது எந்நாளும் ஆட்கள் நிறைந்த இடம். விடியற்காலையில் கரைவலை இழுப்போரின் இரு வரிசைகள்; தோணியை மணலில் ஏற்றத் தோள் கொடுப்போர்; மீனைக் கூறு வைத்து விலை பேசுவோர்; பின்னேரத்தில் காற்று வாங்க வரும் குடும்பங்கள்; பந்தடிக்கும் இளைஞர். ஊர் நெருக்கமானது, நிலம் குறைவு, மக்கள் அதிகம். இத்தகைய ஊரிலிருந்து குமணப் பூங்காவுக்குச் சுற்றுலா சென்று திரும்பிய மாணவன் ஒருவன், "ஒரு மனிசரும் இல்ல சேர், அவ்வளவு வடிவு" என்றான். வடிவுக்கு அவன் காட்டிய காரணத்தைக் கவனிக்க வேண்டும். அலையை அவன் சொல்லவில்லை, மணலைச் சொல்லவில்லை, மனிதர் இல்லாமையைச் சொன்னான்.

மாணவனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நெரிசலில் வாழ்பவன் வெளியை விரும்புவது இயல்பு. ஓர் அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டுப் பிள்ளை, தான் மட்டும் நிற்கும் ஒரு கரையைக் கண்டு வியப்பதில் என்ன தவறு? நான் கேட்பது வேறு. அந்தக் கரை எவ்வாறு ஆளில்லாததாயிற்று? அது இயற்கையின் செயலா, மனிதரின் செயலா? மனிதரின் செயலாயின், எந்த மனிதரின் செயல்?

நம் பழைய இலக்கியம் கடற்கரையை நெய்தல் என வகுத்து, இரங்கலை அதன் உரிப்பொருளாக வைத்தது. பிரிந்தவனை எண்ணி வருந்தும் பெண்ணின் குரல் அங்கே கேட்கிறது. எனினும் அவள் நிற்கும் கரை வெறுங்கரையன்று. அவளைச் சுற்றிப் பரதவர் வலை உணக்குகின்றனர். உமணர் உப்பு ஏற்றிச் செல்கின்றனர். உலரும் மீனைக் கொத்த வரும் பறவைகளை ஒருத்தி ஓட்டுகிறாள். தனிமை நெஞ்சில் இருக்கிறது. கரையில் தொழில் நடக்கிறது. கரையே தனித்திருக்க வேண்டும், அங்கே வேறு மனிதவாடையே வீசலாகாது என்ற ஆசை அந்தக் கவிஞர்களுக்கு விளங்கியிருக்காது. தொழிலின் நெரிசலிலிருந்து விலை கொடுத்துத் தப்பக்கூடிய ஒரு வகுப்பு தோன்றிய பின்னரே அந்த ஆசையும் தோன்றிற்று.

சாய்ந்தமருதிலிருந்து தெற்கே காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று கரையோரமாகச் சென்று, அறுகம் குடாவைக் கடந்து பாணமைக்கும், அங்கிருந்து உகந்தை மலை அடிவாரத்துக்கும் வந்தால் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். உகந்தையில் முருகன் கோயில் இருக்கிறது. பூங்காவின் வாயிலும் இருக்கிறது. அனுமதிச்சீட்டு வாங்கி, வாகனம் அமர்த்தி, வழிகாட்டியோடு உள்ளே போகலாம். நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அனுமதித்த இடங்களில் மட்டுமே கால் பதிக்கலாம். உள்ளே கும்புக்கன் ஓயா கடலில் கலக்கிறது. குமண வில்லு என்னும் சதுப்பில், ஆண்டின் நடுப்பகுதியில், கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. கூமுனை என்று நம் முன்னோர் அழைத்த இடம் இதுவே. அங்கே ஓர் ஊரும் இருந்தது. குளத்து நீரை நம்பிச் சேனை செய்து வாழ்ந்த மக்கள் இருந்தனர். இன்று ஊர் இல்லை. பெயர் பூங்காவுக்குப் போய்விட்டது.

இந்த வெறுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1894இல் இலங்கையில் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதை நிறுவியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியத் தோட்டத்துரைமார். விலங்கு அழிந்தால் வேட்டையும் அழியும் என்பதே அவர்களின் கவலை. 1900இல் யாலக் காடு ஒதுக்கப்பட்டது. அதை அடுத்த ஒரு பகுதி, இந்நாட்டில் குடியிருந்த வேட்டைக்காரக் கனவான்களின் துப்பாக்கிகளுக்கென்றே விடப்பட்டது. சேனைக் குடியானவன் பசிக்கு ஒரு மானைச் சுட்டால் அது களவு. துரை அதே மானைச் சுட்டுக் கொம்பைச் சுவரில் மாட்டினால் அது விளையாட்டு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1938இல் யால தேசியப் பூங்காவாயிற்று. அதே ஆண்டில் குமண வில்லு பறவைகள் சரணாலயமாயிற்று. 1970இல் யால கிழக்கு தேசியப் பூங்கா அமைந்தது. 2006இல் அதற்குக் குமண என்று பெயர் மாற்றினர். இடையில் 1985 முதல் 2003 வரை யுத்தம் அதை மூடி வைத்திருந்தது. ஆகவே இன்று நாம் காணும் வெறுமையில் துரைமாரின் வேட்டை ஆசைக்கு ஒரு பங்கு, சட்டத்துக்கு ஒரு பங்கு, துப்பாக்கிக்கு ஒரு பங்கு உண்டு. மனிதன் கைபடாத இயற்கை, கடலிலிருந்து அண்மையில் தலைதூக்கிய சில பவளத் தீவுகளில் வேண்டுமானால் இருக்கலாம் என்று மார்க்ஸும் எங்கெல்சும் ஜெர்மானியச் சித்தாந்தத்தில் கேலி செய்ததை இங்கே நினைத்துக்கொள்வது பொருந்தும்.

இலங்கையில் மட்டும் நிகழ்ந்த கதையன்று இது. உலகின் முதல் தேசியப் பூங்கா எனப்படும் யெல்லோஸ்டோன் 1872இல் அமெரிக்காவில் அமைந்தபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிய ஆதிக்குடிகள் அந்நியராயினர். 1886 முதல் 1918 வரை அப்பூங்காவைக் காத்தது இராணுவம். 1959இல் செரெங்கெட்டியிலிருந்து மாசாய் மக்கள் தம் மந்தைகளோடு வெளியேற்றப்பட்டனர். நம் நாட்டில் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது, தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த வேடர் சமூகத்தின் காடு அவர்களுக்கு விலக்கப்பட்ட இடமாயிற்று. பலர் மகாவலிக் குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டனர். ஊருவரிகே திஸாஹாமி என்னும் முதியவர் தம்பானையை விட்டு அசைய மறுத்து, 1998இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். காட்டை அழிக்காமல் காத்தவரே காட்டின் குற்றவாளியாக எண்ணப்பட்டார்.

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். "மனிதனுக்காகவே எல்லாம் என்கிறீரா? ஆமைக்கும் பறவைக்கும் இடம் வேண்டாமா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். முற்போக்காளர் சிலர், இயற்கைப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே அது மேல்தட்டினரின் சூழ்ச்சி என்று தள்ளிவிடுகின்றனர். அது சரியன்று. கடலாமை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. குஞ்சுகள் வெளிவந்ததும் வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இருண்ட கரையில் அந்த வெளிச்சம் கடலின் மேலுள்ள வானம். விடுதிகளின் விளக்கு எரியும் கரையில் அதே இயல்பு குஞ்சுகளைத் தெருவுக்கு இழுத்துக் கொல்லும். கூடு கட்டும் பறவையைக் கலைத்தால் முட்டை வெயிலில் வேகும். அல்லது காகத்துக்கு இரையாகும். இவற்றுக்கு வெறுங்கரை உண்மையாகவே தேவை. அத்தேவையை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பின்னரே நம் கேள்வி கூர்மையடைகிறது. ஆமைக்காக ஒருவர் வெளியேற வேண்டுமானால், முதலில் வெளியேற வேண்டியவர் யார்? வலையும் வாடியும் வைத்திருப்பவரா, விளக்கும் விடுதியும் வைத்திருப்பவரா?

பாணமையில் நடந்ததைப் பாருங்கள். பாணமை, சிங்களவரும் தமிழரும் கலந்து மணந்து வாழும் பழைய ஊர். அதன் கரையோரத்தில் ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய சிற்றூர்களில் சேனையும் வயலும் செய்த குடும்பங்கள் இருந்தன. 2010 ஜூலை 17ஆம் நாள் இரவு முகத்தை மறைத்த ஆயுததாரிகள் அங்கே புகுந்து, மக்களை விரட்டிக் குடிசைகளைக் கொளுத்தினர். யுத்தம் முடிந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. மக்கள் சமாதானத்தை நம்பத் தொடங்கியிருந்த காலம். பின்னர் அந்நிலத்தில் வேலி விழுந்தது. படை முகாம்கள் எழுந்தன. கடற்படை நடத்தும் உல்லாச விடுதியும் எழுந்தது. ஏறத்தாழ 350 குடும்பங்கள் நிலமிழந்தன. கடலையும் களப்பையும் நோக்கிய அந்த விடுதியில் வந்து தங்குபவர், சாளரத்தைத் திறந்து, "எவ்வளவு அமைதி!" என்று மகிழ்ந்திருப்பார். அந்த அமைதியின் விலையை அவர் கொடுக்கவில்லை; வேறொருவர் கொடுத்துவிட்டார்.

அக்குடும்பங்கள் வாய்மூடி இருக்கவில்லை. நீதிமன்றம் சென்றனர், கொழும்பு வரை குரல் எழுப்பினர். 2015 பெப்ரவரியில், 340 ஏக்கரை மக்களிடம் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவு காகிதத்தில் நின்றது. வேலி மண்ணில் நின்றது. 2016 மார்ச்சில் மக்கள் தாமே ராகம்வெலவுக்குள் நுழைந்து குடிசை கட்டினர். இந்தப் போராட்டத்தை நடத்தியவருள் பெரும்பான்மையோர் சிங்கள விவசாயிகள் என்பதை நம் கல்முனைப் பகுதி வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். கரையைப் பறிப்பவன் மொழி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை. பறிகொடுத்தவர்தாம் அவற்றைப் பார்த்துப் பிரிந்து நிற்கின்றனர்.

நம் கரையின் கதைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றிச் சாய்ந்தமருது வாசகருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அரசாங்கம் கரையோரத்தில் யாரும் வீடு கட்டலாகாது என்று விதித்தது. மேற்கிலும் தெற்கிலும் நூறு மீற்றர். கிழக்கில் இருநூறு மீற்றர். நம் ஊரில் இருநூறு மீற்றர் என்பது ஒரு கோடன்று. அது ஓர் ஊர். ஆயிரக்கணக்கான வீடுகள் அதற்குள் அடங்கின. உயிரைக் காக்கும் விதி என்றே அது சொல்லப்பட்டது. அப்படியானால் சுற்றுலா விடுதிகளுக்கு அதில் விலக்கு அளித்ததேன்? அலைக்கு மீனவனின் வீட்டை மட்டுமே அடித்துச் செல்லும் குணம் உண்டோ? இதே அலை யாலக் கடற்கரையில் காட்டிய பாடம் ஒன்று உண்டு. கடலின் காட்சியை மறைக்கிறதென்று முன்புறத்து மணற்குன்றை அகற்றியிருந்த ஒரு தங்குமிடம் அங்கே முற்றாக அழிந்தது. குன்று நின்ற இடங்களில் நீரின் வேகம் தடைப்பட்டது. காட்சிக்காகக் கரையைத் துடைத்தெடுத்தவர்களின் கணக்கு அது.

பின்னர் விதி தளர்ந்தது. ஆயினும் பல குடும்பங்கள் கடலை விட்டு உள்ளே போய்விட்டன. ஊரின் மேற்கே பொலிவேரியன் கிராமத்தில் குடியேறியவர் பலர். தூர தேசத்துப் புரட்சிவீரன் ஒருவனின் பெயர் நம் ஊர்த் தபால் முகவரியில் வந்து சேர்ந்தது எனக்குப் பிடித்தமான செய்தி; ஆனால் அதிகாலையில் கடலுக்குப் போகும் மீனவனுக்கு அது கூடுதல் நடை. இதற்கிடையில், 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தது. துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. வலை இழுக்க நின்ற மணலே இல்லாமற் போயிற்று. கரைவலைக்குக் கடல் மட்டும் போதாது; வலையை இழுத்து ஏற்ற அகன்ற மணற்கரை வேண்டும். இங்கே மக்களிடமிருந்து கரையைப் பறித்தது வேலியன்று. அவர்களைக் கேளாமல் கடலில் போட்ட கல்.

இன்னும் சிக்கலான ஒரு வழக்கைச் சொல்லாமல் விட முடியாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னாரின் தெற்கே மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி மக்களும் அகதிகளாயினர். அவர்கள் இல்லாத காலத்தில் அவர்களின் தோட்டங்களிலும் முற்றங்களிலும் காடு வளர்ந்தது. 2012 அக்டோபரில் அப்பகுதியில் ஒதுக்கக் காட்டுக்கான வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. திரும்பி வந்தவர், வில்பத்துக் காட்டை அழிக்க வந்தவர் என்று பழிக்கப்பட்டனர். மீள்குடியேற்றத்தின் பெயரில் காடு வெட்டியது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீள்குடியேற்றத்தைத் தம் செல்வாக்குக்குப் பயன்படுத்திய அரசியல்வாதிகளை நான் காக்க வரவில்லை. வெட்டப்பட்டதெல்லாம் பழைய ஊர்தான் என்று வாதிடவும் வரவில்லை. ஆனால் தத்துவக் கேள்வி ஒன்று அங்கே நிற்கிறது. ஒரு மக்களைத் துரத்திய குற்றத்தின் மேல் வளர்ந்த மரம், அம்மக்களுக்கு எதிரான சாட்சியாக முடியுமா? மரம் குற்றமற்றது; அதன் நிழலில் நின்று பேசுபவர் குற்றமற்றவர் என்று அதனால் ஆகிவிடாது.

கடலும் கரையும் எவருக்கும் தனியுடைமையல்ல, எல்லோருக்கும் பொது என்பது 533இல் தொகுக்கப்பட்ட யுஸ்தினியானின் ரோமச் சட்டநூலிலேயே காணப்படும் கொள்கை. பொது என்ற சொல் மட்டும் போதாது என்பதை ரோமாபுரியின் அடிமைகள் அறிவர். பொதுவில் யாருக்கு முதலிடம் என்று சொல்லாத வரையில், வலியவனே முதலில் வந்து நிற்பான். இவ்விடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் மத்ரஸாவில் கேட்டிருக்கக்கூடிய ஒரு செய்தி, பக்திக்காக அன்றி அரசியலுக்காகவும் நினைக்கத்தக்கது. அரேபியாவில் மேய்ச்சல் நிலங்களைக் காப்பதற்கு 'ஹிமா' என்ற முறை இருந்தது. இஸ்லாத்துக்கு முன் அது குலத்தலைவனின் தனிச் சலுகை. இரண்டாம் கலீபா உமர், அரசின் பாதுகாப்பிலிருந்த மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனை என்பவரைக் காவலராக வைத்தார். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வரின் மந்தைகளை விலக்குமாறும் அவருக்குக் கட்டளையிட்டார். அவ்விருவரும் சாதாரண மனிதரல்லர். நபிகளின் நெருங்கிய தோழர்கள். ஒருவர் பின்னர் கலீபாவாகவே ஆனவர். உமர் காட்டிய காரணம் எளிமையானது: செல்வரின் மந்தை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் வயலும் உண்டு, ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து ஆட்சியாளனின் வாசலில் நிற்பான். புல்லையும் நீரையும் இன்று கொடுப்பது, நாளை பொன்னும் வெள்ளியும் கொடுப்பதிலும் இலகு.

இதிலுள்ள நுட்பத்தைக் காணுங்கள். நிலத்தைத் திறந்துவிடு என்று உமர் சொல்லவில்லை. வேலி வேண்டும் என்றே சொன்னார். அளவின்றி மேய்ந்தால் புல் அழியும் என்பது பாலைவனத்தில் வாழ்ந்தவருக்குத் தெரியாததன்று. ஆனால் வேலியின் வாயிலில் நின்று கேட்க வேண்டிய கேள்வியை அவர் மாற்றினார். உன்னிடம் வேறு வழி இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் வெளியே நில். இல்லையென்றால் உள்ளே வா.

நம் பூங்காக்களின் வாயிலில் இன்று கேட்கப்படுவது இதற்கு நேர்மாறு. உன்னிடம் சீட்டுக்கும் ஜீப்புக்கும் பணம் இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. வேறு ஆயிரம் கரைகளுக்குப் போகக்கூடியவன் உள்ளே வருகிறான். அந்த ஒரு கரையன்றி வேறு கதியில்லாதவன் அத்துமீறுபவன் ஆகிறான். கட்டணத்தை நீக்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. காவலருக்குச் சம்பளம் வேண்டும். ஆனால் பாணமையின் மீனவனும் சேனைக்காரனும் அந்தக் காட்டின் காவலில், அதன் வருமானத்தில், அதன் விதிகளை வகுப்பதில் பங்காளிகளாக வேண்டும் என்று கேட்பது ஆகாசக் கோட்டையன்று. முட்டையிடும் ஆமையை எந்த மாதத்தில், எந்த மணலில் தொடலாகாது என்பதை, கொழும்பிலிருந்து வரும் எந்த நிபுணனுக்கும் குறையாமல் அவன் அறிவான். பழைய காலத்தில் அவனும் ஆமை முட்டை எடுத்தான் என்பார்கள். ஆம், எடுத்தான். அவனுடைய கூடை ஓர் இரவில் ஒரு குழியைக் காலிசெய்தது. விடுதி வரிசையொன்றின் விளக்கு எல்லா இரவும் எல்லாக் குழிகளையும் காலிசெய்கிறது.

அப்படியென்றால் நம் பிள்ளைகள் குமணவுக்குப் போகலாகாதா? போக வேண்டும் என்பதே என் கருத்து. சாய்ந்தமருதுப் பிள்ளை வில்லின் மீது இறங்கும் நாரையைப் பார்க்கட்டும். அந்தக் கரையில் நின்று மகிழட்டும். மகிழ்ச்சிக்கு வரி விதிக்கும் ஒழுக்கவாதம் நமக்கு வேண்டாம். ஆனால் அழைத்துச் செல்லும் ஆசிரியர், பறவைகளின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதோடு, அங்கிருந்த ஊரின் பெயரையும் சொல்லிக் கொடுக்கட்டும். பாணமை வழியே போகும்போது பஸ்ஸை நிறுத்தி, ராகம்வெல எந்தத் திசையில் என்று கேட்கட்டும். அங்குள்ள விவசாயியோடு பத்து நிமிடம் பேசுவதற்குச் சிங்களம் தெரிந்த ஒரு மாணவன் நிச்சயம் இருப்பான்.

அந்தக் காட்டில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஒரு காரியம், சொந்தக்காரன், சீட்டுக்காரன் என்ற இரு வகைக்குள்ளும் அடங்காதது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்தும் கிழக்கின் பல ஊர்களிலிருந்தும் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரிகர் உகந்தையில் கூடுகின்றனர். கொடியேற்றத்தையொட்டிச் சில நாட்களுக்குக் காட்டுவழி திறக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான ஏழை மக்கள், முதியோர், கைக்குழந்தையோடு தாய்மார், தலைமேல் மூட்டையோடு குமணவையும் யாலவையும் நடந்தே கடக்கின்றனர். கதிர்காமத்தில் கோயிலை அடுத்துப் பள்ளிவாசலும் உண்டு; கிள்ரு நபியின் பெயரால் முஸ்லிம்களும் அங்கே போனவர்கள்தாம். யாத்திரிகர் விட்டுச் செல்லும் பொலித்தீன் காட்டுக்குக் கேடு என்பது உண்மை. அதைப் பொறுக்கி எடுக்கத் தொண்டர்கள் உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஆயினும் அம்மக்கள் அங்கே எதையும் வேலியிட்டுக்கொள்வதில்லை. ஆளில்லாத கரையைத் தேடியும் வருவதில்லை. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து, பின்னால் வருபவருக்காக அதைத் திறந்தபடியே விட்டுப் போகின்றனர். சட்டம் அவர்களை என்ன பெயரால் அழைப்பதென்று அறியாமல், ஒவ்வோர் ஆண்டும் வாயில் திறக்கும் தேதியைப் பற்றி அதிகாரிகளும் ஊர்மக்களும் கூடிப் பேச வேண்டியிருக்கிறது.